மனம் சோரும்போது முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

"ஊரடங்கில் யாருக்குத்தான் மனசு சரியாக இருந்தது?" பார்க்கின்சன் நோயாளி இருக்கும் மும்பை வீடுகளில், அவர் மனநிலை எப்படி என்று கேட்டால் 2020-இல் சட்டென்று வந்த பதில் இது. அதில் உண்மையும் இருந்தது. ஆனால் இந்தப் பதிலோடு பேச்சை முடித்துக்கொண்டதால், திருத்தியிருக்கக்கூடிய பல தொல்லைகள் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தன. பதினொன்றரை மணிக்கு மட்டும் வரும் படபடப்பு, மாலையில் மட்டும் வரும் அழுகை, எதிலும் ஒட்டாத மௌனம், ராத்திரி சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்வது எல்லாமே 'ஊரடங்குக் கவலை' என்ற ஒரே கணக்கில் போயின. இவை நான்கும் நான்கு வெவ்வேறு சிக்கல்கள். நான்குக்கும் வழி வேறு.

ஊரடங்கு முடிந்து வருடங்கள் ஆனபின் இதை எழுதக் காரணம் உண்டு. பார்க்கின்சன் உள்ளவர்கள் வீட்டுக்குள் அடைபடுவது நின்றுவிடவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சயன், கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா பக்கம் தண்ணீர் நிற்கும் நாட்களில் நடுக்கம் உள்ளவர் எப்படி வெளியே போவார்? லிஃப்ட் இல்லாத பழைய மாட்டுங்கா கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருப்பவர், இடுப்பெலும்பு முறிந்து மீண்டு வருபவர், மருமகள் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டில் தனியாக இருப்பவர் எல்லோருக்கும் அது ஊரடங்குதான். 2020-இல் கண்டது இவர்களுக்கு இன்றும் பயன்படும்.

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம், மெதுவான நடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூளையில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைவது உண்மை. ஆனால் அத்துடன் மனநிலையையும் விழிப்பையும் கட்டுப்படுத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் அமைப்புகளும் பாதிக்கப்படுகின்றன. அதனால்தான் சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே மனச்சோர்வு வந்துவிடுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கவனிக்க வேண்டிய அளவு மனச்சோர்வு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், பதற்றக் கோளாறு கிட்டத்தட்ட அதே அளவினருக்கும், எதிலும் நாட்டமில்லாத நிலை பத்தில் நால்வருக்கும் இருக்கிறது. தைரியம் இல்லாததால் வருவது அல்ல இது. நோயின் ஒரு பாகம். "அப்பா எவ்வளவு திடமா இருந்தவர், இப்ப ஏன் இப்படி ஆயிட்டார்" என்று வருத்தப்படும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நெதர்லாந்தில் ராட்பவுட் மருத்துவமனையைச் சேர்ந்த ரிக் ஹெல்மிக், பாஸ் ப்ளூம் இருவரும் 2020-இன் தொடக்கத்திலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். திடீரென மாறிய வாழ்க்கைக்குத் தன்னை மாற்றிக்கொள்வதற்கே மூளைக்கு டோபமைன் வேண்டும். பார்க்கின்சன் உள்ளவரிடம் குறைவாக இருப்பதும் அதுதான். போதாததற்கு, மன அழுத்தம் நடுக்கத்தைக் கூட்டும். அழுத்தத்தில் இருக்கும்போது, பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா நடுக்கத்தை அடக்கும் அளவும் குறையும். மாதக் கடைசியில் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எதிர்பாராத செலவு வந்து நிற்பது போன்ற நிலைமை. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்து, நள்ளிரவு முதல் நாடே மூடப்பட்டபோது, புதிய ஒழுங்குக்கு மாறக் கிடைத்தது நாலு மணி நேரம்.

எவையெல்லாம் போயின என்று பார்த்தால்தான் வீட்டில் எதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பது தெரியும். ஃபைவ் கார்டன்ஸில் காலை நடை போயிற்று. ஆஸ்திக சமாஜத்துக்கோ செம்பூர் முருகன் கோவிலுக்கோ போய்வருவது போயிற்று. அது பக்தி மட்டுமல்ல, படியேறுவது, நாலு பேரிடம் வாய்விட்டுப் பேசுவது, குறித்த நேரத்தில் உடுத்திக் கிளம்புவது எல்லாம் அதில் அடங்கியிருந்தன. லோக்கல் ரயில் நின்றதால் டோம்பிவிலியில் இருக்கும் மகள் வர முடியவில்லை. பொதுமக்களுக்கு ரயில் திரும்பியதே 2021 பிப்ரவரி 1-ஆம் தேதிதான், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும். பிசியோதெரபிஸ்டையும் வேலைக்கு வரும் பாயியையும் குடியிருப்பு சொசைட்டி கேட்டிலேயே நிறுத்தினார்கள். வெளியே இருந்து வந்து நாளை நகர்த்திக்கொடுத்த ஒவ்வொன்றும் ஒரே வாரத்தில் காணாமல் போயிற்று. தானாக ஒன்றைத் தொடங்குவதே கடினமான நோயில், தொடங்கிவைக்கும் ஆட்களும் நேரங்களும் போய்விட்டால் எஞ்சுவது சோபாவும் டிவியும்தான்.

மூன்று நாள் குறிப்பு

மனம் சரியில்லை என்று தோன்றினால் முதலில் செய்ய வேண்டியது ஆறுதல் சொல்வதோ தூக்க மாத்திரை தேடுவதோ அல்ல. ஒரு நோட்டும் கடிகாரமும் எடுங்கள். காலை ஆறு முதல் இரவு பத்து வரை மணிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம்: மாத்திரை போட்டாரா, எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு; உடல் எப்படி, இறுக்கமா, சரளமா, கட்டுக்கடங்காத ஆட்டமா; மனம் எப்படி, பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு எண். பத்து என்றால் நிம்மதி, பூஜ்யம் என்றால் தாங்க முடியவில்லை. எண்ணை நோயாளியே சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்து நீங்களாக எழுதக்கூடாது. பார்க்கின்சனில் முகத் தசைகள் இறுகுவதால் உள்ளே நிம்மதியாக இருப்பவரும் கவலையில் இருப்பவர் போலத்தான் தெரிவார். சாப்பாட்டு நேரத்தையும், அதில் பருப்பு, தயிர், பனீர், முட்டை இருந்ததா என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். மூன்று நாள் போதும். அதற்கு மேல் யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை.

இதை எப்படிப் படிப்பது? காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு, இரவு எட்டு என்று நாலு வேளை லெவோடோபா எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பதினொன்று இருபதுக்கு நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, "ஏதோ ஆகப்போகுது, டாக்டரைக் கூப்பிடு" என்கிறார். பன்னிரண்டு மணி மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் பன்னிரண்டே முக்கால் வாக்கில் தானாக அடங்குகிறது. மூன்றரைக்கு மறுபடி. மனத்தின் எண் ஒவ்வொரு வேளைக்கும் முன்பு இறங்கி, பின்பு ஏறினால் அது மருந்தின் வீச்சு தீர்ந்துபோவதால் வரும் பதற்றம். நடுக்கமும் இறுக்கமும் திரும்புவதற்கு முன்பே மனம் சரிவது உண்டு. அதனால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு மருந்தோடு இதை முடிச்சுப்போடத் தோன்றுவதில்லை. இதற்கு வழி நரம்பியல் மருத்துவர் மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்றுவது, அல்லது வீச்சை நீட்டிக்கும் இன்னொரு மருந்தைச் சேர்ப்பது. கெமிஸ்டிடம் கேட்டு, பதற்றத்தைத் தணிக்கும் அல்ப்ரசோலம் வாங்கிப் போட்டால் படபடப்பு குறைந்ததுபோல் தெரியும். அத்தோடு தள்ளாட்டமும் மறதியும் விழுதலும் வரும். மாத்திரை நேரத்தை நீங்களாகவும் மாற்றாதீர்கள். நோட்டின் படத்தை மருத்துவருக்கு அனுப்புங்கள். மூன்று பக்க நோட்டு, அரைமணி நேர விவரிப்பைவிட அவருக்கு உதவும்.

எண் நாள் முழுக்கத் தாழ்வாகவே இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால், பிடித்த எதிலும் சந்தோஷம் இல்லை, "நான் உங்களுக்கெல்லாம் பாரம்" என்று சொல்கிறார், குற்ற உணர்வு பேசுகிறார் என்றால் அது மனச்சோர்வு. மெதுவான பேச்சு, பசியின்மை, தூக்கக் குறைவு இவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது; அவை பார்க்கின்சனிலேயே உண்டு. நம்பிக்கையின்மை, குற்ற உணர்வு, சாவு பற்றிய பேச்சு இவைதான் வேறுபடுத்திக் காட்டும். முதியோருக்கான மனச்சோர்வுக் கேள்வித்தாள் ஒன்று உண்டு, ஆம்-இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும் என்பது பொதுவான அளவு.

இதற்கு மருந்து உண்டு, அது வேலையும் செய்கிறது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்றவை மருத்துவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை. இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் முழுப் பலன் தெரியும். பத்து நாளில் "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிறது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால், தொடங்கிய சில வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகக் குழப்பமோ மிகுந்த அசதியோ வந்தால் உடனே. பார்க்கின்சனுக்கே தரும் ரசாகிலின் அல்லது செலிஜிலின் ஏற்கெனவே எடுப்பவரானால் மனநல மருத்துவருக்கு அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்து இல்லாத வழியும் உண்டு: எண்ணத்தையும் அன்றாடச் செயலையும் சேர்த்துச் சீர்செய்யும் ஆலோசனை முறை பார்க்கின்சன் மனச்சோர்வுக்கு, தொலைபேசி வழியாகச் செய்தபோதும், பலன் தந்திருக்கிறது. வீட்டை விட்டு நகர முடியாதவருக்கு இது பெரிய விஷயம்.

இன்னொரு வகை உண்டு. எண் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன், ஆறு ஏழு" என்கிறார். அழுகை இல்லை, துக்கம் இல்லை. ஆனால் யாராவது எழுப்பாவிட்டால் சாயங்காலம் வரை அதே நாற்காலி. இது நாட்டமின்மை, மனச்சோர்வு அல்ல. இதில்தான் குடும்பங்கள் அதிகம் சண்டை போட்டுக்கொள்கின்றன, ஏனென்றால் பார்ப்பவருக்கு அது பிடிவாதமாகவும் சோம்பேறித்தனமாகவும் தெரிகிறது. "சும்மா உக்காந்துண்டே இருக்காதீங்கோ, ஏதாவது பண்ணுங்கோ" என்று மாமி சொல்வது அவர் காதில் விழும், காலுக்கு எட்டாது. 'ஏதாவது' என்பதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து தொடங்கும் வேலையைத்தான் மூளை செய்ய மறுக்கிறது. அந்த வேலையை நீங்கள் செய்துகொடுங்கள். "மணி பத்தாச்சு, கேலரி வரைக்கும் வாங்கோ, துளசிக்குத் தண்ணி விடணும்" என்று நேரம், இடம், காரியம் மூன்றையும் சேர்த்துச் சொல்லிக் கையை நீட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடுவார். தொடங்கிவிட்டால் செய்துவிடுவார். ஒரு நாளில் இப்படி நாலு காரியம், தினம் அதே நேரத்தில், போதும். மனச்சோர்வு மாத்திரைகள் இந்த நிலைக்கு அவ்வளவாக உதவுவதில்லை என்பதால்தான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

கெமிஸ்ட் கடையில் தொடங்கும் சரிவு

ஊரடங்கில் வழக்கமான மாத்திரை கிடைக்காதபோது 'இதுவும் அதேதான்' என்று வேறொன்றை வாங்கி வந்த வீடுகள் உண்டு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மனநிலைச் சரிவு என்று தெரிந்த பல, இங்கேதான் தொடங்குகின்றன.

லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த சின்டோபா மாத்திரையில் 110, 125, 275 என்று பட்டையில் இருக்கும் எண் இரண்டு மருந்துகளின் கூட்டுத்தொகை. 110 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. 125 என்றால் 100-உம் 25-உம். 275 என்றால் 250-உம் 25-உம். கார்பிடோபாவின் வேலை, லெவோடோபா மூளைக்குப் போகுமுன் வழியிலேயே டோபமைனாக மாறிவிடாமல் தடுப்பது. அதற்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். 125 மூன்று வேளை எடுத்தவருக்கு 75 கிடைத்தது. 110-க்கு மாற்றினால் 30-தான். லெவோடோபா அளவு அதேதான், ஆனாலும் குமட்டும், வாந்தி வரும், மருந்து எட்டாது, உடல் இறுகும், மனம் விழும். வாந்திக்கு என்று பக்கத்துக் கடையில் மெடோக்ளோப்ரமைடு அல்லது ப்ரோக்ளோர்பெரசின் கொடுப்பார்கள். இரண்டும் மூளையில் டோபமைனின் வேலையைத் தடுப்பவை. பார்க்கின்சன் உள்ளவருக்கு ஆகவே ஆகாது. தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் அப்படியே. ஒரு எண் மாறியதில் தொடங்கி, ஒரு வாரத்தில் ஆள் படுக்கையோடு கிடந்து "எனக்கு வாழவே பிடிக்கலை" என்று சொல்லும் நிலை வரை வந்துவிடும். வாந்திக்கு டோம்பெரிடோன் பொதுவாக ஏற்றது. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. மெதுவாகக் கரையும் சிஆர் வகையும் சாதாரண வகையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. சிஆரை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

இருமலுக்கும் ஒரு எச்சரிக்கை. வறட்டு இருமல் சிரப் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கிறது. ரசாகிலின், செலிஜிலின் எடுப்பவருக்கு அது சேராது. கொந்தளிப்பு, குழப்பம், காய்ச்சல் வரை போகலாம். வலிக்குத் தரும் டிரமடாலும் அதே வகை ஆபத்து. கோவிட் காலத்தில் இருமல் சிரப் இல்லாத வீடு ஏது? பார்க்கின்சன் உள்ள பலருக்கு வாசனை ஏற்கெனவே போயிருக்கும் என்பதால், வாசனை போவதை வைத்துக் கோவிட்டைக் கண்டுபிடிப்பதும் இவர்களிடம் பலிக்கவில்லை.

லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கையிருப்பு தீர்ந்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதிகக் காய்ச்சல், மரக்கட்டை போன்ற இறுக்கம், நினைவு மங்கல் என உயிருக்கே ஆபத்தாகலாம். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. 30 நாள் மாத்திரை எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கட்டும். பட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். மும்பை மழைக்கால ஈரம் மாத்திரையைக் கெடுத்துவிடும். மூளைத் தூண்டல் கருவி பொருத்தியவர்கள் அதன் பேட்டரி நிலையை மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள். பேட்டரி தீரும்போதும் முதலில் தெரிவது சோர்வும் பதற்றமுமாக இருக்கக்கூடும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். காலை மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்குவது. பாலில் உள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டியிட்டு, உடலில் சேரும் அளவைக் குறைக்கும். ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி கழித்துக் காபி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அல்லது ஒரு மணி பின்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மனத்தின் எண் தொடர்ந்து விழுகிறது என்றால் பருப்பு, தயிர், பனீரின் பெரும் பங்கை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மொத்த அளவைக் குறைக்க வேண்டாம், எடை குறைந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி இடைவெளி. மலச்சிக்கல் இருந்தால் மருந்து குடலில் தேங்கும், பிறகு நாள் முழுக்க உடலும் மனமும் சரியாகாது. இதயம், சிறுநீரகச் சிக்கல் இல்லாதவர் ஒன்றரை லிட்டராவது தண்ணீர் குடிக்கட்டும். இசப்கோல் எடுத்தால் முழு டம்ளர் தண்ணீரோடு.

நானூறு சதுர அடிக்குள்

உடற்பயிற்சி மனநிலைக்கு மருந்து என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். மும்பை ஒரு படுக்கையறை வீட்டில் அதை எப்படிச் செய்வது? ஹால் முனையிலிருந்து கிச்சன் மேடை வரை ஐந்தாறு மீட்டர் கிடைக்கும். தரையில் 40 முதல் 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, தரையின் நிறத்துக்கு எடுப்பான நிறத்தில் டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு கோட்டையும் தாண்டி அடிவைத்தால் கால் ஒட்டிக்கொள்வது குறையும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், பத்து நிமிடம், நாளில் மூன்று முறை. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக்கூடாது. அரைவட்டமாக நாலைந்து அடி வைத்துத் திரும்ப வேண்டும், வீட்டுக்குள் விழுவது அதிகம் அங்கேதான். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் டம்ளர் கொடுக்காதீர்கள். கைப்பிடி உள்ள, 45 சென்டிமீட்டர் உயர நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது அடுத்தது. சைக்கிள் இயந்திரம் வைக்க இடமிருந்தால் நல்லது. நெதர்லாந்தில் வீட்டிலேயே வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம் என ஆறு மாதம் மிதித்தவர்களுக்கு உடல் இயக்கம் மோசமாவது குறைந்ததை 2019-இல் காட்டியிருக்கிறார்கள்.

காலை எட்டு மணிக்குள் ஜன்னலோரத்தில் அரை மணி வெளிச்சம், பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்பு, அரை மணிக்கு மேல் போகாமல். இதில் விளக்க அதிகமில்லை, விடாமல் செய்ய வேண்டும் அவ்வளவுதான்.

குரலைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. பார்க்கின்சனில் குரல் தாழும், ஆனால் தான் சத்தமாகப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும். அதன்மேல் மாஸ்க் போட்டபோது எதிரில் இருப்பவர் "என்ன, என்ன" என்று மூன்று முறை கேட்டார். நாலாவது முறை இவர் பேசுவதையே விட்டுவிட்டார். தனிமை இப்படித்தான் இறுகியது. மூச்சை இழுத்து, முடிந்தவரை சத்தமாக "ஆ" என்று பத்து விநாடி, பத்து முறை; பிறகு திருக்குறளோ திருப்புகழோ, தெரிந்ததை ஹாலின் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்கும்படி. ஊரிலிருந்து வரும் வீடியோ அழைப்பை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, அவர் சரளமாக இருக்கும்போது வையுங்கள். போன் கண்ணுக்கு நேராக, முகத்தில் வெளிச்சம் படும்படி. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். பத்துப் பேர் கூடிக் கத்தும் குடும்ப அழைப்பில் இவர் பதிலை யோசித்து வாயைத் திறப்பதற்குள் பேச்சு மாறிவிடும். பேரக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: தாத்தா முகத்தில் சிரிப்பு தெரியாவிட்டாலும் அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார், பதிலுக்குப் பத்து எண்ணும் வரை பொறு.

குழுக்களும் உதவும். 2001-இல் மும்பையில் தொடங்கப்பட்ட பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிஸ்ஆர்டர் சொசைட்டி ஊரடங்கில் தன் கூட்டங்களை இணையவழிக்கு மாற்றியது. அதே நோயுள்ள இன்னொருவர் திரையில் கை நடுங்க டம்ளரைப் பிடிப்பதைப் பார்ப்பதில் கிடைக்கும் தெம்பை வீட்டார் எவ்வளவு பிரியமாக இருந்தாலும் கொடுக்க முடியாது.

கண்ணில் தெரிவதும் கைமீறிப்போவதும்

சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது ஓரக்கண்ணில் பூனை ஓடியதாகவோ, கதவருகே யாரோ நிற்பதாகவோ சொன்னால் வாதாடாதீர்கள், பயந்து போய்க் கோவில் குளம் என்றும் அலையாதீர்கள். விளக்கைப் போடுங்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். பிறகு காரணம் தேடுங்கள்: சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், காய்ச்சல், அண்மையில் சேர்த்த புது மாத்திரை. பழைய பார்க்கின்சன் மருந்துகளில் ட்ரைஹெக்சிஃபெனிடிலும் அமான்டடினும் முதியவர்களுக்கு இதைக் கொண்டுவருவதுண்டு. மருத்துவர்கள் பொதுவாக அவற்றை முதலில் குறைப்பார்கள், லெவோடோபாவைக் கடைசியில். தனி மருந்து தேவைப்பட்டால் க்வெட்டியாபின் அல்லது க்ளோசபின் பக்கம் போவார்கள். மற்ற மனநல மருந்துகளான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் உடலை இறுக்கிவிடும். அவசரப் பிரிவில் நோயாளி கொந்தளிப்பாக இருக்கும்போது ஹாலோபெரிடால் ஊசி போடும் வாய்ப்பு உண்டு என்பதால், 'பார்க்கின்சன் நோயாளி, ஹாலோபெரிடால், மெடோக்ளோப்ரமைடு கூடாது' என்று எழுதிய அட்டையை அவர் பர்ஸிலேயே வையுங்கள்.

பார்க்கின்சனுக்காக ப்ரமிபெக்ஸால், ரோபினிரோல் எடுப்பவர்களிடம் இன்னொன்றைக் கவனியுங்கள். அடைபட்ட நாட்களில் போனில் ரம்மி, இரவெல்லாம் ஆன்லைனில் பொருள் வாங்குதல், அடங்காத தின்பண்ட ஆசை, பாலியல் வேட்கை கூடுதல். இது குணக்கேடு அல்ல, மருந்தின் பக்க விளைவு. வெட்கத்தால் அவரும் சொல்லமாட்டார், நீங்களும் கேட்கமாட்டீர்கள், பணம் போனபின்தான் தெரியும். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென நிறுத்தினால் கடும் பதற்றமும் சோர்வும் வரும்.

செத்துப்போனால் தேவலை என்று சொன்னால் நேராகக் கேளுங்கள்: "அப்பா, உயிரை விட்டுடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் மாத்திரைகளைப் பூட்டிவையுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 2020-இல் இல்லாத ஒரு வசதி இப்போது உண்டு: 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும், இலவசம், தமிழிலும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

பார்த்துக்கொள்பவர்

பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். ஊரடங்கில் பாயி வராததால் பாத்திரம், சமையல், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, நோயாளியைக் குளிப்பாட்டுவது, ராத்திரி நாலு முறை பாத்ரூமுக்கு எழுப்பிக் கூட்டிப்போவது எல்லாம் ஒருவர் தலையில் விழுந்தன. தூங்காத ஆளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? நாளில் இரண்டு மணி நேரம் நோயாளியின் பொறுப்பு இன்னொருவருடையது என்று பெயர் போட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். மகன்களே, "அம்மா பாத்துக்குவா" என்பது ஏற்பாடு அல்ல. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது பார்த்துக்கொள்பவர் வேறு அறையில் முழுத் தூக்கம் தூங்க வேண்டும். அவருடைய பிரஷர், சுகர் மாத்திரையும் அதே பட்டியலில் இருக்கட்டும்.

வீடியோவில் மருத்துவரைப் பார்ப்பது 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு தெளிவான விதிகளோடு நடக்கிறது. அதற்குமுன் தயாராக வைக்க வேண்டியவை: மூன்று நாள் நோட்டின் படம், மாத்திரைக்கு முன்பும் ஒரு மணி கழித்தும் எடுத்த, முப்பது முப்பது விநாடி நடை வீடியோ, உட்கார்ந்தும், எழுந்து நின்ற ஒன்றாவது மூன்றாவது நிமிடத்திலும் பார்த்த ரத்த அழுத்தம், எடை, எல்லா மாத்திரைப் பட்டைகளின் படம், ஆயுர்வேதம் உட்பட. நின்றதும் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 குறைந்தால் சொல்லுங்கள். எழுந்தால் கிறுகிறுப்பதால் நாற்காலியை விட்டு நகராதவரை மனச்சோர்வு என்று நினைத்துவிடக் கூடாது.

மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் வாங்கிவையுங்கள். இவருக்குப் பார்க்கின்சன் உள்ளது, பிசியோதெரபிஸ்டும் பராமரிக்கும் மாவ்ஷியும் தினம் வருவது மருத்துவத் தேவை என்று. ஒரு நகல் சொசைட்டி செகரட்டரிக்கு, ஒன்று வாட்ச்மேனுக்கு, ஒன்று வீட்டுக் கதவின் பின்னால். அடுத்த முறை எதற்காகக் கேட்டை மூடினாலும், விவாதம் நடக்கும் நேரத்தில் பதினோரு மணிப் பயிற்சி தவறாமல் நடக்கும்.